‘வெரிஃபை’ என்றால் என்ன என்று நீங்கள் கேட்ட நாள்

அத்தை,

இன்று காலை முத்திரை மையின் வாசனை அடித்ததும் உங்கள் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. உங்கள் இளைய மகன் போன பிறகு எனக்கு வரும் பென்ஷனுக்காக, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். குனிந்த தலை நிமிராமல் தாளில் ‘வெரிஃபைடு’ என்று குத்தினார்.

"என்னைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"எல்லாருக்கும் இப்படித்தாங்க, வழக்கம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் விக்கிரமங்கலத்து வீட்டில் வக்கீல் குமாஸ்தாவும் இதையேதான் சொன்னார். நம் கொல்லையில் குடியிருந்த பண்ணையாள் மாரியின் குடும்பத்தைக் காலி செய்ய, உங்கள் மூத்த மகன் அரியலூர் கோர்ட்டுக்கு மனு தயார் செய்திருந்தார். நிலம் உங்கள் பேரில் இருந்ததால் உங்கள் கைநாட்டு வேண்டும். விரலில் மை தடவியாகிவிட்டது. அப்போதுதான், விரல் வைக்கிற இடத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டீர்கள்.

நான் வாழ வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கான்வென்டில் படித்தவள் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம். "வெரிஃபை. உறுதி சொல்றேன்னு அர்த்தம்" என்றேன்.

"யாரோ சொன்னதுக்கு நான் உறுதி சொல்லலாமா?"

மூத்தவர் என்னை முறைத்தார். எல்லா மனுவிலும் இருக்கிற வரிதான், வழக்கம் என்றார் குமாஸ்தா. நான் மென்று விழுங்கியிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லுக்குப் பாதி அர்த்தம் சொல்ல எனக்கு வராது. பார்த்து, விசாரித்து, உண்மைதான் என்று தெரிந்த பிறகு சொல்வதுதான் வெரிஃபை என்றேன்.

"அப்ப மேல இருக்கிறதப் படி."

படித்தேன். மாரி போன வருஷம்தான் அத்துமீறிக் குடிசை போட்டான் என்று இருந்தது.

நீங்கள் சத்தம் போடவில்லை. "நான் கல்யாணமாகி வந்தப்பவே அந்த வூடு இருந்துச்சு. அவன் அப்பனுக்கு எடம் விட்டதே உங்கப்பாதான்டா" என்றீர்கள். பிறகு மை விரலை என் முந்தானையில் துடைத்தீர்கள். அம்மா வீட்டில் எடுத்துக் கொடுத்த, வெள்ளையில் பூப்போட்ட வாயல் புடவை. எனக்கு வந்த கோபத்தை அன்று உங்களிடம் சொல்லவில்லை.

நாலெழுத்து படித்தவள் வந்து குடும்பத்தைக் கெடுத்துவிட்டாள் என்று மூத்தவர் கத்தினார். அதற்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவ படிச்சதச் சொன்னா. நீ தெரிஞ்சே பொய் சொல்ற."

அவர் தனிக்குடித்தனம் போனார். சாகும்வரை என்னோடு பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. மாரியின் வீடு அங்கேயே இருந்தது. இப்போது அவன் பேரன் அதே இடத்தில் மாடி கட்டியிருக்கிறான்.

இன்று வந்தவரிடமிருந்து தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் உட்காருங்கள், என் முகத்தைப் பாருங்கள், பெயரைக் கேளுங்கள், அப்புறம் தருகிறேன் என்றேன். எல்லாம் செய்தார். கிழவிக்குத் திமிர் என்று நினைத்திருப்பார். இருக்கட்டும்.

அந்தப் புடவை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, அத்தை. கறை போக வெளுக்கட்டுமா என்று அப்போதே வண்ணாத்தி கேட்டாள். கொடுக்கவில்லை.