கடற்பாசி சூப்பும் நான் கேட்காத கேள்வியும்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமாவின் ஆசிகள். உன் அம்மாவும் அப்பாவும் நலம்தானே? அத்தை இப்போது கையைப் பிடித்துக்கொண்டால் நாலு அடி நடக்கிறாள். பேச்சுதான் திரும்பவில்லை. காலையில் என்னிடம் ஏதோ சொல்ல முயன்றாள். புரிந்ததுபோலத் தலையாட்டினேன். முறைத்தாள். முறைப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நீ வாங்கித் தந்த உலர்ந்த கடற்பாசியில் இரண்டு பொட்டலம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீ அதை ஊறவைத்து அலசி, பூண்டும் மிளகும் போட்டு சூப் வைத்த அன்று அத்தை இரண்டு கிண்ணம் குடித்தாள். விடுமுறை முடிந்து நீயும் என் மகனும் கிளம்பியதும் சமையலறைக்குள் நான் நுழைந்தேன். உறையில் இருந்ததைப் பாடம்போல வாசித்தேன்: அயோடின், இரும்பு, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் கே. காலையில் முட்டையில், மதியம் சோற்றில், இரவு சூப்பில். "என்ன, என்னை மீன்னு நினைச்சீங்களா?" என்று அத்தை கேட்டாள். அவள் கடைசியாகச் செய்த கேலி அது.

நீ தொலைபேசியில் சொன்னாய்: "அத்தை ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க மாமா. எப்பவாவது கொஞ்சம் போதும். தினமும்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க." சரிம்மா என்றேன். கேட்கவில்லை. கீரை மாதிரி ஒன்றுக்கு டாக்டர் எதற்கு என்று நினைத்தேன். கேள்வியைக் கடைசி வரை படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் சொன்னவன் நான்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் டாக்டர் விளக்கினார். ஒரே வண்டியை மாத்திரை முன்னால் இழுக்க, பாசியிலுள்ள வைட்டமின் கே பின்னால் இழுத்திருக்கலாம் என்றார். ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட்டது.

மருத்துவமனை வராந்தாவில் உன் கணவன், "உன் பாசிதான் எங்கம்மாவை இப்படி ஆக்கிடுச்சு" என்று கத்தினான். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். டாக்டரைக் கேட்கச் சொன்னேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாய். சொல்லாமல் பெட்டியோடு உன் அம்மா வீட்டுக்குப் போனாய். நாலு மாதமாக உன் மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன்.

இதை அவனிடம் காட்டு என்று எழுத நினைத்தேன். நீ காட்டமாட்டாய். அதனால் நேற்றே அவனுக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். படித்ததும் உன்னைத் தேடி வருவான். என் மேல் ஆத்திரத்தோடுதான் வருவான். வாய்க்கு வந்ததைச் சொல்வான்.

நீ நன்றாக இருக்கவேண்டும் அம்மா. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் பேசும்போது, இந்த முறை என் பக்கம் நிற்காதே.

இப்படிக்கு,
உன் மாமா