எடுக்காத எக்ஸ்ரே

மச்சான்,

கோவண்டிக்கு, என் தங்கச்சி ஆபிதா வீட்டுக்குப் போகிறேன். சட்டியில் மீன் ஆணம் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

கம்பெனி இன்ஷூரன்ஸ் சீட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, நோய் இல்லாதவருக்கும் இலவசம். இன்றுதான் கடைசி நாள். "நல்லா இருக்கவனுக்கு எதுக்குடி எக்ஸ்ரே?" என்று நேற்றுக் கத்தினீர்கள். போன வருஷம் உங்கள் அண்ணனும் இதையேதான் சொன்னார். அவர் மவுத்தான பிறகு, அவருக்குக் கொடுத்த சீட்டு மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது.

சபுரா

பி.கு.: விடியக்காலையில் இருமல் கேட்டு, தூக்கக் கலக்கத்தில் உங்கள் அண்ணனுக்கென்று வெந்நீர் வைத்தேன். ஊற்றிய பிறகுதான் அது உங்கள் இருமல் என்று உறைத்தது. அடுப்பு மேடையில் இருப்பது அவர் டம்ளர். அதில் குடிக்காதீர்கள்.