கிளச்சுக்கு எண்ணெய் விட்ட அண்ணனுக்கு

என் ஆசை அண்ணா,

முதலில் நல்ல சேதி. உன் ரிமோட் ஹெலிகொப்டர் எழும்பிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் எல்லாம் மதிலுக்குப் பின்னால் நின்று பார்க்க, பந்துத் திடலில் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. ஓட்டியது யார் என்று கேட்கிறாயா? நான்தான். நீ விட்டுப்போன குட்டி பேட்டரி ஹெலியை மரத்திலும் கூரையிலும் மோதி மோதிப் பழகினேன்.

அந்த விஜயதசமியை மறந்திருக்க மாட்டாய். கட்டாரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டிய பெட்ரோல் ஹெலி அது. "மாசித் திருவிழாவுக்கு அம்மன் கோபுரத்துல இதுதான் பூப் போடும்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாய். ஆயுத பூஜைக்கு முதல் நாள் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது இறக்கை பிய்த்துக்கொண்டு சுற்றியது. பூஜை முடிந்து, நல்ல நாள் என்று எல்லோரையும் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணினால் என்ஜின் மட்டும்தான் அலறியது. இறக்கை, கரண்ட் குறைந்த ஃபேன் மாதிரிச் சோம்பலாகச் சுற்றியது.

"என்னா தம்பி, சட்னி அரைக்க வாங்கியாந்ததா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். ஆனால் அன்றைக்கு உனக்குச் சோறு இறங்கவில்லை.

லீவு முடிந்து போனாய். போன இடத்திலேயே நெஞ்சுவலி வந்து எங்களை விட்டே போய்விட்டாய். 'சட்னி மெஷின்' என்ற பேர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. பஸ்ஸில்கூட அண்ணியிடம், "சட்னி மெஷின் என்னாச்சு?" என்று கேட்பார்கள். "அவரு போயிட்டாரு, கேலி போகல. ஒரு தடவையாவது இது எந்திரிக்கணும் தங்கச்சி" என்றாள் அண்ணி. எங்கே பிழை என்று யாருக்குத் தெரியும்?

அண்ணியின் ஸ்கூட்டிக்குத் தெரிந்திருந்தது அண்ணா. பலாங்கொடையிலிருந்து நானும் அண்ணியும் வரும்போது, தோட்டத்து ஏற்றத்தில் அது கத்தியதே தவிர நகரவில்லை. ஒயில் கசிந்து கிளச்சுக்குள் இறங்கி வழுக்குகிறது என்றார்கள் கராஜில். அவர்கள் அதைக் கழற்றும்போது அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

நீ எத்தனை தரம் சொல்லியும் எனக்கு ஏறாதது அன்றைக்குத்தான் விளங்கியது. ஸ்கூட்டியைப் போலவே ஹெலியிலும், என்ஜின் மெதுவாக ஓடும்போது கிளச்சின் இரண்டு கட்டைகளும் உள்ளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அதனால்தான் என்ஜின் ஓடினாலும் இறக்கை அசையாது, ஸ்டார்ட் பண்ணுகிறவர் கை தப்பும். வேகம் கூடினால், திருவிழாச் சங்கிலி ராட்டினத்தில் நாற்காலிகள் விரிவதுபோல, கட்டைகள் வெளியே விரிந்து, சுற்றியிருக்கும் கிண்ணத்தின் உட்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் கிண்ணமும் இறக்கையும் சேர்ந்து சுற்றும். எண்ணெய் பட்டால் பிடி ஏது?

அண்ணி திடீரென்று என்னைப் பார்த்தாள்.

"ஆயுத பூஜையன்னைக்கு உங்க அண்ணன் எதுக்கெல்லாம் எண்ணெ விட்டாரு?"

"எதுக்கு விடல அண்ணி? தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி, தையல் மெஷின், கதவுப் பூட்டு..."

வீட்டுக்கு வந்து ஹெலியின் கிளச்சைத் திறந்தோம். கிண்ணத்தின் வெளியே சந்தனம், குங்குமம். உள்ளே நல்லெண்ணெய் வாசனை கமகமவென்று வந்தது. தோசை சுட்டிருக்கலாம் அண்ணா. கட்டாரில் மெஷின்களோடு மல்லுக்கட்டிய நீ, பூஜை என்றதும் பக்தி முற்றி கிளச்சுக்கே அபிஷேகம் பண்ணியிருக்கிறாய். நானும் அண்ணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிண்ணத்தைக் கழுவி, கொழும்பிலிருந்து பிடிப்புக்கான புது லைனிங் பட்டை வரவழைத்து ஒட்டினோம். நேற்றுத் திடலில் வேகத்தைக் கூட்டினேன். கிளச் கப்பென்று பிடித்தது. ஹெலியின் கால்கள் புல்லை விட்டு எழும்பின. யாரும் சட்னி என்று சொல்லவில்லை. அண்ணி மட்டும் பக்கத்தில் ஆளிருக்கிற மாதிரித் திரும்பி, "ஏங்க, பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தாயா அண்ணா?

மாசித் திருவிழாவுக்குக் கோபுரத்தில் பூ விழும். அது உன் வாக்கு, நான் காப்பாற்றுகிறேன். பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைப்போம், எண்ணெய்க்கு மட்டும் இடமில்லை.

நல்லெண்ணெய்ப் போத்தலை ஒளித்து வைத்திருக்கும்
உன் தங்கச்சி