தபன்தா போட்ட முடிச்சுகள்

செவ்வாய், சால்ட் லேக்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரேடாரிடமும் வெப்பக் கேமராவிடமும் சிக்காத ஒரு துணிக்காக மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். மேலே ஓடும் உலோக இழை வெப்பத்தை மறைக்கும். அதில் அங்கங்கே இடைவெளி இருந்தால்தான் ரேடார் அலை உள்ளே போய், அடியிலுள்ள கார்பன் அடுக்கில் அடங்கும். அதற்காக நானே இழையை வெட்டிவைத்தேன். இன்று சோதனையில் துணி அத்தனை அலையையும் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பியது.

தறி ஓட்டும் தபன்தாவைக் கேட்டேன்.

"இழை நிறைய அறுந்து கெடந்துது தீதி. ஒண்ணு விடாம முடிச்சுப் போட்டுட்டேன்" என்றார், பெருமையாக.

இடைவெளி வேண்டுமென்றே விட்டது என்று வரைபடத்தில் நான் எழுதவில்லை. யாரைத் திட்டுவது?

முடிச்சுகளை வெட்டிவிடலாமென்று சாயங்காலம் முழுக்க லென்ஸ் வைத்துத் தேடினேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.