மாதிரி விடையில் அம்மா

மார்ச் 3

டீச்சரம்மாவுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் "அக்கா, சாப்பிட்டியா?" என்பாய். நானும் மானங்கெட்டுப்போய் என்ன சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தக் கோபத்தை அப்படி விடுவதாக இல்லை. அதனால்தான் கடிதம்.

ஆங்கிலப் பரீட்சையில் தோற்றுவிட்டேன். ஒன்றிரண்டு மார்க் குறைந்து தோற்கவில்லை. பூஜ்ஜியம் போட்டு அனுப்பினார்கள்.

என் முட்டியின் கதை உனக்குத் தெரியும். இருபது வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளித் தேய்ந்துபோன முட்டி. விசாரணைக் கவுண்டரில் ஒரு இடம் காலி, ஆங்கிலத்தில் பேசிக் காட்டினால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றார்கள். அந்த நாற்காலிக்காக ஒரு வருடம் நாயாகப் படித்தேன். லிஃப்டில் நோயாளியோடு நிற்கும்போதெல்லாம் வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் முணுமுணுப்பேன். மயக்கம் பாதி தெளிந்த ஒரு பெரியவர் பயந்துபோய், "எனக்கு என்னம்மா மந்திரம் சொல்றே? நான் பொழைப்பேனா மாட்டேனா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன் ஆங்கில வகுப்பில் வந்து உட்காருகிறேன் என்றபோது நீ என்ன சொன்னாய்? "அங்கெல்லாம் வராதே அக்கா. எதையும் மனப்பாடம் பண்ணாதே. நிஜமா உனக்கு நடந்ததைச் சொல்லு, வார்த்தை தானா வரும்." ஆஹா, என்ன அருமையான புத்திமதி! அப்படியே செய்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் இருமல் மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தார். உன் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல் என்றார். என்னிடம் வேறு எந்த நாள் இருக்கிறது? அம்மா போன நாளைச் சொன்னேன். டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் கட்டிலில் உட்கார்ந்ததை, தலை வாரிவிடச் சொல்லி அவள் சீப்பை நீட்டியதை, கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வகிடு கோணல் என்று என்னைத் திட்டியதை. திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு தமிழிலேயே சொன்னார்: "போதும்மா. இந்தச் சீப்பு, கண்ணாடி, வகிடு எல்லாத்தையும் இந்த வாரத்துல ஏழு பேர் கிட்ட கேட்டாச்சு. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா மார்க் கிடையாதுன்னு வெளியில எழுதிப் போட்டிருக்கோமே, படிக்கலையா?"

"ஐயா, இது எங்க அம்மா" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்றாங்க" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் தாள். பிடுங்கிப் படித்தேன். மாதிரி விடை என்று தலைப்பு. கீழே உன் பயிற்சி மையத்தின் முத்திரை. நடுவில் என் அம்மா.

அம்மா ஒரு தடவைதான் செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஒரே வாரத்தில் ஏழு தடவை செத்திருக்கிறாள். எட்டாவதாக நான் போய்ச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இதற்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அன்புள்ள போடாவிட்டாலும் நான் போடுவேன்.

கடிதம் கிடைத்ததிலிருந்து ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. தப்புதான். இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் முதலாளிக்கு மாதா மாதம் புது மாதிரி விடை வேண்டும். பழையது எல்லா மையத்துக்கும் போய்விடுகிறதாம். அந்த மாதம் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அம்மா போன பிறகு நீ எனக்கு எழுதிய கடிதம் கைப்பையிலேயே இருந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். முதலாளி வாங்கிப் படித்தார். "பிரமாதம், இதையே அச்சுக்கு அனுப்பு" என்றார். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உன் பரீட்சையில் இதே கேள்வி வரும், நீயும் இதையே சொல்லுவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை அக்கா.

மனசை விடாதே. இன்னும் ஒரு தடவை பரீட்சைக்கு விடுவார்கள் அல்லவா? உனக்கென்றே தனியாக ஒரு விடை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ முதல்முதலாகச் சைக்கிள் ஓட்டிய நாள். யாரிடமும் கொடுக்கவில்லை. வாக்கியங்கள் எல்லாம் சின்னச் சின்னதுதான். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை சத்தமாகச் சொல். தடுமாறும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள். முட்டிக்குத் தைலம் தடவுகிறாயா?

உன் சின்னவள்


மார்ச் 14

சின்னவளே,

உன் சைக்கிளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் எந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்டினேன்? நம் வீட்டில் சைக்கிள் ஓட்டியது நீ. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். அதுகூட மறந்துபோகும் அளவுக்கு விடை எழுதி எழுதி உன் மூளை மழுங்கிவிட்டது.

யார் தலையில் மிளகாய் அரைக்கிறாய்? காசு கட்டியவர்களுக்கு மனப்பாடம், கூடப்பிறந்தவளுக்கு உபதேசம். உபதேசத்தைக் கேட்டவள் தோற்றாள். மனப்பாடம் பண்ணியவர்களில் முதலில் போய் ஒப்பித்தவள் முழு மார்க் வாங்கியிருப்பாள்!

அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்த மஞ்சள் தாளை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு வரி விடாமல் படித்தாகிவிட்டது. படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. நான் சீப்பை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். எந்த நான்? நீ அன்றைக்கு எங்கே இருந்தாய்? நான் வகிட்டை நேராக்கினேன், அம்மா சிரித்தபடியே கண்ணை மூடினாள் என்று முடித்திருக்கிறாய். அம்மா சிரிக்கவில்லை. "இத்தனை வயசாகியும் உனக்கு வகிடு எடுக்கத் தெரியல" என்று எரிந்து விழுந்தாள். சரி, கலைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று சீப்பை வைத்தேன். அதற்குள் போய்விட்டாள். கோண வகிட்டோடுதான் அவளை அனுப்பினோம். அது எனக்கு மட்டும் தெரிந்த கோணல். அதை நேராக்க நீ யார்?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த மூன்று பேர் முன்னால் போய் நில். அந்தத் தாளை எழுதியது நான்தான், அது என் அக்காவுக்கு நடந்தது என்று உன் வாயால் சொல். வகுப்பிலும் சொல். அதுவரை தைலம் தடவினாயா, தூங்கினாயா என்று கேட்டு எனக்குக் கடிதம் போடாதே.

அக்கா


மார்ச் 22

அக்கா,

போடாதே என்றாய். போடுகிறேன். நீ மட்டும்தான் கோபப்படப் பிறந்தவளா?

நீ யார் என்று கேட்டிருக்கிறாய். நானும் அவள் வயிற்றில் பிறந்தவள்தான். அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று எந்த வாயால் கேட்கிறாய்? முந்தின வாரம் முழுக்க நான் போன் செய்தபோது என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்லடி, சாதாரணக் காய்ச்சல். நீ வகுப்பை முடிச்சிட்டு மெதுவா வா." வந்தபோது எல்லாம் முடிந்து, நாலு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி வாரம், கடைசி நாள், கடைசிப் பேச்சு எல்லாவற்றையும் நீயே எடுத்து வைத்துக்கொண்டாய். எனக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினாய். அதையும் ஏதோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி எழுதியிருந்தாய்.

வகுப்பில் அதை முதல்தடவை வாசித்துக் காட்டியபோது நான் சீப்பை எடுத்தேன் என்று சொன்னேன். சொன்ன அந்த நிமிஷம் நான் அந்தக் கட்டிலில் இருந்தேன் அக்கா. தமிழில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. பொய் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் சொன்னால் அது பாடம். நிஜமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தினம் இரண்டு வகுப்பு, தினம் இரண்டு தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வகிட்டை நேராக்கினேன். எனக்கு ஒரு தடவையாவது அவள் சிரிக்க வேண்டியிருந்தது. அது உனக்கு அவ்வளவு பெரிய திருட்டாகப் படுகிறதா?

அந்த மூன்று பேரிடம் போய்ச் சொன்னால் மறுநாளே முதலாளி என்னை வெளியே அனுப்பிவிடுவார். வேறு எந்த மையமும் சேர்க்காது. ஒரு நாற்காலிக்காக என் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறாய். நான் போக மாட்டேன்.

சின்னவள்


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

போனேன்.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வகுப்பில் ஒரு பெண் எழுந்து அந்த விடையை ஒப்பித்தாள். ஒரு தப்பு இல்லை. முடித்துவிட்டு, "மிஸ், எங்க அம்மா நல்லாத்தான் இருக்காங்க. பரவாயில்லையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வராந்தாவில் போய் நின்றபோது உன் கடிதம் ஞாபகம் வந்தது. அந்த அறையில் உன்னைப் பார்த்து இப்படித்தான் சிரித்திருப்பார்கள்.

அன்று சாயங்காலமே வகுப்பில் சொன்னேன். மறுநாள் அந்த இருமல் மாத்திரைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அம்மா போன பிறகு நீ எழுதிய கடிதத்தையும் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். உன்னை மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். வேறு கேள்வி இல்லை, அதே நாளை நீயே சொல்ல வேண்டும், இந்தத் தடவை முழுக்கக் கேட்பார்களாம்.

முதலாளி கணக்கைத் தீர்த்துவிட்டார். அந்த மஞ்சள் தாள் இப்போது நாலைந்து மையத்தில் ஓடுகிறது. அதை என்னால் திரும்ப வாங்க முடியாது.

நீ ஜெயிக்க வேண்டும் அக்கா. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

நாற்காலி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து கவுண்டரில் உட்காருகிறேன். வாழ்த்துச் சொல்லிக் கடிதம் போட்டால் கிழித்துவிடுவேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். இந்தத் தடவை மரியாதை பலமாக இருந்தது. மேஜையில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவரே எழுந்து நின்று, "மன்னிக்கணும்மா. உங்க அம்மாவைப் பத்தி நீங்களே சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

உன் வாக்கியங்கள் வந்தன.

ஆத்திரத்தில் அந்தத் தாளை எத்தனை நாள் வரிவரியாகப் படித்தேன்! அது அப்படியே மண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், முடியவில்லை. ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி தானாக வருகிறது. திக்கவில்லை, திணறவில்லை. வகிட்டை நேராக்கினேன், அம்மா சிரித்தாள் என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப சுத்தமா பேசினீங்கம்மா, ஒரு பிழைகூட இல்லை" என்றார். முழு மார்க். நிஜமாகச் சொன்னபோது பூஜ்ஜியம் போட்டவர்கள் பொய்க்கு முழு மார்க் போட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் உன் மேலேயே படுகிறேன்.

வீட்டுக்கு வந்து, சரி, தமிழில் நினைத்துப் பார்ப்போம் என்று அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். அம்மா டீயைக் குடித்தது தலை வாருவதற்கு முன்னாலா, பின்னாலா? தெரியவில்லை. உன் தாளில் முன்னால். அவள் என்னைத் திட்டினாள், அது நிச்சயம். ஆனால் அந்த முகத்தை நினைத்தால் சிரிக்கிற முகம்தான் வருகிறது. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம். எரிந்து விழுந்த என் அம்மா வேண்டும்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், உன்னை வர விடாமல் செய்தேன். வகுப்பு கெட்டுவிடும் என்று அம்மா சொன்னது பாதிதான். மீதி, அவளை எனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆசை. அதற்காக உன் காலில் விழ மாட்டேன். நீ செய்ததையும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. வேலை இல்லாதவள்தானே, வர என்ன கேடு? பேனா, காகிதம் எதுவும் கொண்டு வராதே. கதவைச் சாத்திவிட்டு அந்த நாளை முதலிலிருந்து உனக்குத் தமிழில் சொல்லப்போகிறேன். முந்தின வாரத்துக் காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து எல்லாம். நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவேன். வரிசை மாறும், தப்புத் தப்பாக வரும். நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாய் என்றால் அறைந்துவிடுவேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை போக விட மாட்டேன். அழுவதென்றால் அழுதுகொள்.

அக்கா