ஆண்கள் வார்டில் அப்பா சொன்னது

அன்புள்ள அக்கா, இது அப்பா உனக்கு எழுதும் கடிதம். வலப்பக்கம் ஆபரேஷன் செய்து குழாய் வைத்திருப்பதால் அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. பயப்படாமல் முழுவதும் படி. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என்னுடையது.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே அம்மா நலம், உன் தங்கை நலம், நானும் நலம் என்று போன மாதம் போனில் சொன்னேன் அல்லவா, அதில் கடைசியாகச் சொன்னது மட்டும் சரியில்லை. வலது மார்புக் காம்புக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்கு சீட் பெல்ட் உரசாமல் இருக்குமா, அதனால்தான் என்று துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். டிப்போவில் "என்ன டிரைவரே, பெல்ட்டுக்குத் தலையணையா?" என்று கிண்டல் செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. தெருமுனை டாக்டர் களிம்பு கொடுத்தார், தடவினேன். துவைக்கும்போது பனியனில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு அம்மா அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். கூப்பிட்டதும் எழுந்து போனால், "பேஷன்ட்டை வரச் சொல்லுங்க சார்" என்றது அங்கிருந்த பெண். நான்தான் என்றேன். அது கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடைசியா மாதவிலக்கு எப்பன்னு போடாம இது மேல போகமாட்டேங்குது சார்" என்று முழித்தது. "என்னோடதைப் போட்டுக்கோம்மா, ஆளை உள்ள விடு" என்றாள் உன் அம்மா. இப்போது ஆஸ்பத்திரிக் கணக்கில் என் பேருக்கு நேரே அவளுடைய தேதி இருக்கிறது. (இதைச் சொல்லும்போது அப்பா சிரிக்கவில்லை. அம்மா இருந்தால் சிரித்திருப்பாள். மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள்.)

ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பக்கத்தையும் அக்குளில் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டார்கள். இனி வருஷக்கணக்கில் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும், பெண்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். வலி என்று பெரிதாக இல்லை. அந்த இடத்தைத் தொட்டால் வேறு யாரையோ தொடுவதுபோல் இருக்கிறது. மற்ற விஷயங்களும் எனக்கு அப்படித்தான் இருக்கின்றன, டாக்டர் சொல்வது, அம்மா அழுவது எல்லாமே. பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்த லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். "நெஞ்சுல ஆபரேஷன்னா ஹார்ட்டா அண்ணே? எத்தனை அடைப்பு?" என்று கேட்டார். ரெண்டு என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து வார்டு முழுக்க எனக்கு ஹார்ட்காரர் என்று பேர். ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக்கூட என்னைத் தூக்க விடுவதில்லை.

(இங்கே அப்பா நிறுத்திவிட்டார். அடுத்து என்ன என்று கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது. "கேக்கலப்பா" என்றேன். மெக்கானிக் பக்கம் பார்த்துக்கொண்டே மறுபடி முணுமுணுத்தார். காதில் விழாததை நான் எப்படி எழுதுவது என்றேன். "இவ ஒருத்தி" என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.)

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். ஆண்களுக்கு அபூர்வம், ஆனால் வரும். ரத்தத்தைச் சோதித்ததில் என் மரபணுவில் ஒரு பிழை இருப்பது தெரிந்திருக்கிறது என்று இன்று காலை டாக்டரம்மா சொன்னார். என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். இருந்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, வருவதற்கு முன்பே ஒரு கண் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் நீ அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொள். என் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதை அங்குள்ள டாக்டரிடம் காட்டு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாதே. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

("ஆம்பளைக்குமா அண்ணே?" என்றார் மெக்கானிக். "ஆம்பளைக்கும்தான்" என்றார் அப்பா. மெக்கானிக் சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார். 'பிள்ளைகள்' என்று எழுதியபோதுதான் அதில் நானும் இருப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு எப்போது சோதனை என்று கேட்டேன். "பதினெட்டு முடியட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப எழுது" என்றார். எழுதினேன்.)

மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, மறைக்காதே. அழுகை வந்தால் அழுதுவிட்டு அப்புறம் போ. போன் செய்யும்போது அம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றிக் கேள், யாரும் கேட்பதில்லை. ரத்தத்தில் கொடுத்துவிட்டதை என்னால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது, மற்றதெல்லாம் நல்லதாகவே உனக்கு வந்து சேரட்டும் என்று வாழ்த்துகிறேன். சோதனைக்கு நாள் கிடைத்ததும் தெரியப்படுத்து.

இப்படிக்கு,
உன் அப்பா

(இடது கையால் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "வாழ்த்துறேன்னு இருக்குல்ல, அதுல உன்னையும் சேத்துக்கோ" என்றார். வரிக்கு மேலே இடம் இருந்தது. எழுதப் போவதற்குள் வார்டில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இதை மட்டும் வராந்தா வெளிச்சத்தில் எழுதுகிறேன்.)