தயாபரனின் பனிமலை

ஓகஸ்ட் 11, ஞாயிறு

கச்சான் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. கூட்டக் கூட்ட வருகிறது.

மத்தியானம் தயாபரன் வந்து இறங்கினார். அண்ணனுடைய சிநேகிதரின் ஒன்றுவிட்ட தம்பி. நோர்வேயில் ஏழு வருடம். கிளிநொச்சியில் காணி பார்க்க வந்தவராம், ஒரு கிழமை எங்கள் வீட்டில் தங்குவாராம். காணி நான்தான். வயது முப்பத்துநாலு, கணித ஆசிரியை, வேலி நேர், வழக்கு ஒன்றும் இல்லை.

கொண்டுவந்தவை: சொக்லேட், உருகிக் கடதாசியோடு ஒட்டியது. அண்ணனுக்குக் கம்பளிக் காலுறை, இந்த வெயிலில். கொப்பி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள். கொம்பியூட்டராம்.

அதை எங்கள் ரீவியில் கொழுவினார். ஞாயிற்றுக்கிழமைப் படம் போயிற்று. படத்துக்காகவே கிழமை முழுக்கச் சமைக்கிற அண்ணி வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை அல்லவா.

ஓகஸ்ட் 12, திங்கள்

விடுமுறை என்று பெயர். திருத்த வேண்டிய விடைத்தாள் 38. திருத்தியது 6.

காலையிலிருந்து தயாபரனின் விளையாட்டு. விபரம்: ரேப் ரெக்கோடரில் கசற் போட வேண்டும். ஐந்து நிமிடம் காது கிழியக் கத்தும். பிறகு திரை வெள்ளை. அதுதான் பனிமலை. கீழேயிருந்து நட்சத்திரக் குறிகள் மேலே ஏறி வரும். அவை மரம். நடுவில் ஆங்கில ‘வீ’ எழுத்து. அது சறுக்கிப் போகிற மனிதன். இரண்டு பொத்தானால் அவனை இடம் வலம் தள்ள வேண்டும். மரத்தில் முட்டினால் செத்தான். இவ்வளவுதான். இதற்கு ஏழு வருடம் நோர்வே.

அண்ணி கிட்டப் போய்ப் பார்த்து, “உது என்ன, எறும்போ?”

“அது நான் அக்கா. பனியில சறுக்கிக்கொண்டு போறன்.”

“நீங்களே செய்தனீங்கள்?”

“ஓம். முழுக்க நானே எழுதினது. ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து.”

பின்னேரம் பக்கத்து வீட்டு ஓவசியர் வந்தார். இரண்டாவது மரத்தில் செத்தார். “பனி எண்டால் உப்பிடித்தானோ இருக்கும்?” என்று வெகு பவ்வியமாகக் கேட்டார். அண்ணன் முதலாவது மரத்திலேயே. தயாபரனின் ஆகக்கூடிய புள்ளி 160. ஊருக்கே அறிவித்தாயிற்று.

நான் கதவடியில் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, “ரீச்சருக்கு வேண்டாம். இது கணக்கில்லை, கைவேகம் வேணும்.”

சொன்ன வாயில் பல்லுக்குச்சி.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

கரன்ட் நான்கு முறை நின்றது. நிற்கிற ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் இருப்பது எல்லாம் அழிந்துபோகும். திரும்பக் கசற், திரும்பக் கத்தல். ஓவசியர் வீட்டு நாய் ஊளையிடுகிறது. அதற்காவது புத்தி இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். புதிதாகக் கசற் போட்டதும் வருகிற முதல் மரம் எப்போதும் இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி. இரண்டாவது நடுவுக்குச் சற்று வலம். மூன்றாவது முறை ஓடும்போது, ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். நாலாவது முறை சரிபார்த்தேன். பதினொரு மரம், பதினொன்றும் அதே இடம்.

தயாபரன் ஓவசியருக்கு விளக்கம்: “மரம் எங்க வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் இதின்ர விசேஷம்.”

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைவிடக் கண் இருக்கும்.

ஓகஸ்ட் 14, புதன்

அண்ணனும் தயாபரனும் அக்கராயன் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். போகிறபோது ஜன்னலால் கேட்டது.

“ரீச்சர் சிரிக்கமாட்டாவோ?”

“சிரிப்பாள், சிரிப்பாள்” என்று அண்ணன்.

“பரவாயில்லை. அங்க குளிருக்கு ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. கொஞ்சம் வயசுபோன மாதிரித் தெரியுது, அதையும் கோட்டுப் போட்டால் மறைக்கலாம்.”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அவர்கள் போனதும் பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். ஆங்கிலம். நல்ல புத்தகம், விளக்கம் நேர். பக்கம் நாற்பதுவரை ஒரே மூச்சு. குசினியில் சோறு அடிப்பிடித்தது. அண்ணி பேசினாள், பேசட்டும். விளையாட்டு எழுதப்பட்ட விதத்தைத் திரையில் வரி வரியாகக் காட்டச் செய்யலாம் என்று புத்தகம் சொல்கிறது. கசற்றை நானே போட்டேன். காட்டச் செய்தேன்.

மரம் ஏன் மாறுவதில்லை என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. மரங்களை ஒவ்வொரு தரமும் இடம் மாற்றிப் போடச் சொல்லுகிற ஒரு கட்டளை தொடக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஒரே ஒரு சொல்.

ஆனால் முதலாவது வரி கட்டளை இல்லை, குறிப்பு. எழுதியவரின் பெயர். தயாபரன் இல்லை. அ. யேசுரட்ணம்.

இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு பெட்டியை நிறுத்தி நிறுத்தி, கசற்றை மறுபடி போட்டு ஆறு தரம் ஓடினேன். மரங்கள் மனப்பாடம்.

ஓகஸ்ட் 15, வியாழன்

கரன்ட் நின்று வந்து புதிதாகக் கசற் போட்ட கையோடு, எல்லாரும் இருக்கையில் கேட்டேன், “நான் ஒருக்கா விளையாடிப் பாக்கட்டோ?” தயாபரன் சிரித்துக்கொண்டு கதிரையை விட்டார்.

340.

“மெசினில ஏதோ பிழை” என்றார்.

“ஓம், பிழைதான். கசற் போடுற ஒவ்வொரு தரமும் உங்கட மரமெல்லாம் அதே இடத்திலதான் நிக்குது. எழுதின ஆளுக்குத் தெரியேல்லையோ?”

முகம் கறுத்தது. ஓவசியர், “ரீச்சர் நோர்வேயில பிறந்திருக்கவேணும்” என்றார்.

அண்ணன் குசினிக்குள் வந்து பல்லைக் கடித்தார். “வந்த மனிசனை வெல்லுறதே உனக்கு வேலை? ஒருக்காத் தோத்தால் என்ன, செத்தோ போவாய்?”

விடைத்தாள்: 0.

ஓகஸ்ட் 16, வெள்ளி

அண்ணனும் அண்ணியும் கோயிலுக்கு. போனதே நாங்கள் இருவரும் கதைக்கட்டும் என்றுதான். கதைத்தோம்.

தயாபரன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். “யேசுரட்ணம் ஆர்?” என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் முகத்தால் வழிய நின்றார். துடைக்கவில்லை.

அறையில் கூட இருந்தவராம். இருவரும் மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் மீன் வெட்டினார்களாம். யேசுரட்ணம் வேலை முடிந்து வந்து இதை எழுதுவாராம், இவர் கட்டிலில் படுத்தபடி பார்ப்பாராம். அவர் வேறு ஊருக்குப் போகும்போது பெட்டியையும் கசற்றையும் இவரிடம் விட்டுப் போயிருக்கிறார்.

“ஊருக்கு வந்தால் எல்லாரும் கேக்கினம், அங்க என்ன செய்யிறீர் எண்டு. மீன் வெட்டுறன் எண்டே சொல்லுறது?”

“மீன் வெட்டுறன் எண்டு சொல்லியிருந்தால் நான் சம்மதிச்சிருப்பன்.”

சொல்லிவிட்டேன். உண்மையா என்று இப்போது யோசிக்கிறேன். பாதி உண்மை. கோட்டுக் கதையைக் கேட்ட பிறகு கால்வாசி.

“பனியில ஒருக்காவாவது சறுக்கினனீங்களோ?”

“ஒருக்கா. விழுந்தனான்.”

பிறகு கை கூப்பினார். “அண்ணனிட்டச் சொல்லிப்போடாதேங்கோ.” பார்க்கவே அருவருப்பு. கைவேகம் பற்றிப் பேசிய அதே கை.

“சொல்லமாட்டன். யேசுரட்ணத்தின்ர விலாசம் தாங்கோ” என்றேன். ஏன் என்று கேட்கும் தைரியம்கூட இல்லை. எழுதித் தந்தார். எழுத்துப்பிழை இரண்டு.

ஓகஸ்ட் 17, சனி

காற்று குறைவு. காலை பஸ்ஸில் தயாபரன் போனார். பெட்டியும் போயிற்று. ரீவியின் மேல் அது இருந்த இடம் மட்டும் புழுதி இல்லாமல்.

அண்ணனிடம் வேண்டாம் என்றேன்.

“ஏன்?”

“பிடிக்கேல்லை.”

“முப்பத்துநாலு வயசில பிடிக்கேல்லையோ! இனி ஆர் வருவான் எண்டு நினைக்கிறாய்?”

ஒரு பெயரைச் சொன்னால் போதும், அண்ணன் என் பக்கம் வந்திருப்பார். சொல்லவில்லை. இரக்கம் இல்லை. அந்த ஆளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கதைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். அண்ணன் சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். என்னைக் கரைசேர்ப்பேன் என்று அம்மாவுக்குச் செய்துகொடுத்த சத்தியம் ஒன்று அவருக்கு உண்டு. அதற்காக நான் சம்மதிக்க முடியாது.

அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “எல்லாருக்கும் குடுத்தினம். எனக்கு அந்த எறும்பை ஒருக்காத் தரேல்லை பார்” என்றாள்.

பின்னேரம் கடிதம் எழுதினேன். ஐந்து வரி. ‘உங்கள் விளையாட்டில் மரங்கள் எப்போதும் ஒரே வரிசையில் வருகின்றன. தொடக்கத்தில் ஒரு கட்டளையை விட்டுவிட்டீர்கள். கவனக்குறைவு.’ அதோடு புத்தகத்தின் பக்க எண். முதல் பிரதியில் ‘விளையாட்டு அழகாக இருக்கிறது’ என்றும் எழுதி, வெட்டினேன். இரண்டாவது பிரதியில் அந்த வரி இல்லை. மூன்றாவதில் மறுபடி எழுதினேன், வெட்டவில்லை.

“ஆருக்கு எழுதுறாய்?” என்று அண்ணன் உள்ளேயிருந்து. காலைக்குப் பிறகு முதல் பேச்சு.

“ஒருத்தர் விட்ட பிழைக்கு.”

தபால் கந்தோர் பூட்டியாயிற்று. திங்கள் காலை முதல் வேலை.